சார்ஜ் ஒப்படைப்பு

இந்த வருஷம், 2025இல், ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை. ஸ்டோர்ஸ் எடைத்தராசுக்குப் பட்டை போட்டுச் சந்தனப் பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. இது முப்பதாவது தடவை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் புதுப் பையன் பார்கோடு ஸ்கேனருக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தான். அதுவும் கண்ணாடி மேலேயே.

"தம்பி, கண்ணுல அப்பிட்டா அது எப்படிப் படிக்கும்?"

"அட ஆமாங்ண்ணா" என்று சட்டையிலேயே துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒன்று வைத்தான்.

கேட்டில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம் வாங்கிக் கிளம்பும்போது லேத் செக்‌ஷன் ஃபோர்மன் தோளில் கை போட்டு, "அடுத்த பூஜைக்கு நீங்க ஒறம்பரையா வரோணும்" என்றார். ஒறம்பரை என்றால் விருந்தாளி. பிரியமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொரி நெஞ்சில் அடைத்துக்கொண்டது.

2026 மே 31இல் எனக்கு ரிட்டையர்மென்ட். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைசி வேலை நாள் 30ஆம் தேதி சனிக்கிழமை. சான்றிதழ்படி நான் பிறந்தது 1968 ஜூன் 1. அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அஞ்சு வயசு முடிந்திருக்க வேண்டும். வலது கை தலையைச் சுற்றி இடது காதைத் தொட்டது, அவரும் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். ஊரில் என் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிறந்தநாள். அம்மாவின் கணக்குப்படி நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன். வாத்தியார் ஒரு நிமிஷத்தில் எழுதியதற்கு எனக்கு அஞ்சு மாசச் சம்பளம் போகிறது.

கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். சேர்ந்தது 1996 ஜூன். அதற்கு முன்னால் ஆவாரம்பாளையம் பக்கம் பட்டறைகளில் வேலை பார்த்த வருஷங்களுக்குப் பி.எஃப். கிடையாது, ரசீது கூடக் கிடையாது.

எதிர்வீட்டில் ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் (எனக்கு ஜூன் 1 போட்டவர் இல்லை, இவர் வேறு). விஷயம் தெரிந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்து, "மனசு வெறுமையாப் போயிரும், இப்பவே ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பிடிச்சுக்குங்க" என்றார். அவருக்குப் பழைய பென்ஷன். கடைசிச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். வெறுமையைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு வசதி இருக்கிறது. பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நல்ல மனுஷர், சீசனுக்கு மாங்காய் கொடுத்தனுப்புவார். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. எங்களுக்கு 58தான். ஓய்வுக்குத் தயாராவது பற்றி நான் படித்த கட்டுரைகளில் பாதி அவருக்காக எழுதியவை. தோட்டம் போடு, யோகா பழகு, காசிக்குப் போ. எங்களை மாதிரிக் கம்பெனி ஆட்கள் முதலில் உட்கார வேண்டிய இடம் கால்குலேட்டர் முன்னால்.

எங்கள் பென்ஷனுக்கு இ.பி.எஸ்.-95 என்று பேர். 1995 நவம்பர் 16இல் ஆரம்பித்தது. நம் சம்பளத்தில் பிடிக்கிற 12 சதவீதம் முழுக்கப் பி.எஃப். கணக்குக்குப் போகும். முதலாளி போடுகிற 12இல் 8.33 பென்ஷன் பக்கம் போகும். ஆனால் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அது கணக்கில் வராது. அதனால் மாசம் 1,250 ரூபாய்க்கு மேல் அந்தப் பக்கம் போகாது. பென்ஷன் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான்: சம்பளத்தை வருஷத்தால் பெருக்கு, 70ஆல் வகு. 20 வருஷம் தாண்டியவர்களுக்கு 2 வருஷம் போனஸ் உண்டு. எனக்கு 30 வருஷம், போனஸோடு 32. பதினைந்தாயிரத்தை 32ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தேன். 6,857 வந்தது. பரவாயில்லையே என்று அன்றைக்குச் சாயங்காலம் அன்னபூர்ணாவில் ஒரு சாம்பார் வடை சாப்பிட்டேன்.

அந்த வடை செரிப்பதற்குள் யூனியன்காரர் ஒருவர் கணக்கை உடைத்துவிட்டார். "அண்ணா, உச்சவரம்பு பதினஞ்சாயிரம் ஆனது 2014 செப்டம்பர் ஒண்ணாந் தேதி. அதுக்கு முந்தி 6,500தான். உங்க சர்வீஸ ரெண்டாப் பிரிச்சுத்தான் போடுவாங்க." சரி, பிரித்தேன். 2014 ஆகஸ்ட் வரைக்கும் பதினெட்டேகால் வருஷம்: 6,500 கணக்கில் 1,694. அதற்கப்புறம் பதினொன்றே முக்கால் வருஷம்: 15,000 கணக்கில் 2,517. இரண்டும் சேர்த்தால் 4,200 சொச்சம். போனஸ் வருஷங்களையும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறைத் தொட்டால் அதிகம். அகவிலைப்படி கிடையாது. 2026இல் வருகிற அதே தொகைதான் 2040இலும் வரும்.

எனக்காவது இவ்வளவு. மூடிப்போன மில்களில் இருந்து வெளியே வந்தவர்கள் பலர் மாசம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 என்று 2014இல் வைத்தார்கள், இன்றைக்கும் அதேதான். ஓய்வூதியர் சங்கங்கள் 7,500 கேட்டுப் போராடுகின்றன. 'அடுத்த மாசம் 7,500' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வராத மாசமே இல்லை. 2022 நவம்பர் 4இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது 'ஹையர் பென்ஷன்' என்று கேன்டீனே அமர்க்களப்பட்டது. அது முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டிவந்தவர்களுக்கு. எங்கள் கம்பெனி உச்சவரம்புக்கு மட்டும்தான் கட்டியது. சாம்பார் ஆறியது, நாங்கள் செக்‌ஷனுக்குத் திரும்பினோம்.

இன்னொரு யோசனையும் சொன்னார்கள். 58இல் வாங்காமல் 60 வரைக்கும் தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருந்தது. ஸ்டோர்ஸ்காரன் புத்தி, பேப்பரை எடுத்தேன். இரண்டு வருஷம் வாங்காமல் விடுவது 24 மாசம், 1,08,000 ரூபாய். கூடுவது மாசம் 360 ரூபாய். ஒரு லட்சத்து எட்டாயிரத்தை 360ஆல் வகுத்தால் 300 மாசம், 25 வருஷம். எனக்கு 85 வயசாகும்போது விட்ட பணம் திரும்பி வந்திருக்கும். எங்கள் வம்சத்தில் ஆண்கள் யாரும் 75 பார்த்ததில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

கையில் வருவது மொத்தம் என்ன? வீடு கட்ட 2008இல் ஒரு தடவை, மகள் கல்யாணத்துக்கு 2022இல் ஒரு தடவை பி.எஃப்.இல் அட்வான்ஸ் எடுத்தது போக, 11 லட்சம் சொச்சம் இருக்கும். கிராஜுவிட்டி: கடைசி பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையை 26 நாளால் வகுத்து, வருஷத்துக்கு 15 நாள் வீதம். எனக்கு 22,000. முப்பது வருஷத்துக்கு 3,80,769 வருகிறது. இதில் 12 லட்சத்தைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவதாக இருக்கிறேன். 60 ஆகாதவர்கள் அதில் சேர முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 55 தாண்டி, ஓய்வு பெற்று வந்தவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாசத்துக்குள் போடலாம். முன்பு ஒரு மாசம்தான் இருந்தது, 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், போடும்போது இருக்கிற வட்டி அஞ்சு வருஷத்துக்கும் மாறாது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை 24,600. மாசத்துக்கு 8,200 என்று வைத்துக்கொள்ளலாம். பென்ஷனோடு சேர்த்தால் 12,700. மீதிப் பணம் ஆஸ்பத்திரிக்கும், மேலே ஒழுகுகிற மொட்டை மாடிக்கும்.

ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. சம்பளம் 21,000க்குள் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருந்து, அஞ்சு வருஷமாவது அந்தக் கணக்கு ஓடி, வயசாகி ரிட்டையர் ஆகிறவர்கள், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். எங்கள் கம்பெனியில் லேத் ஆபரேட்டர்களுக்கே இது தெரியவில்லை. நானே சீட்டில் எழுதிக் கேன்டீன் சுவரில் ஒட்டினேன். எனக்கு அது கிடையாது. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்தான், அது கடைசி நாளோடு போய்விடும். சுகர் வேறு இருக்கிறது. தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே, இந்த மாசமே எடுத்துவிட்டேன். செப்டம்பர் 22இலிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். அம்பத்தஞ்சிலேயே எடுத்திருக்க வேண்டும்.

பணத்தை விடப் பெரிய தலைவலி என் பேர்.

தமிழனுக்குச் சர்நேம் இல்லை. கம்பெனி ரெக்கார்டில் இனிஷியல் முன்னால். ஆதாரில் இனிஷியல் பின்னால். பான் கார்டில் அப்பா பேர் முழுசாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, வங்கியிலிருந்து போன் செய்கிற பெண் என்னை அப்பா பேரைச் சொல்லியே கூப்பிடுகிறது. அவர் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இது போதாதென்று கடைசி எழுத்து. இங்கிலீஷில் எழுதும்போது சான்றிதழில் 'என்', கம்பெனி ரெக்கார்டில் 'எம்'. 1996இல் டைம் ஆபீஸ் கிளார்க் காதில் விழுந்ததை எழுதினார். நானும் முப்பது வருஷமாகச் சம்பளச் சீட்டில் அந்த 'எம்'மைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சம்பளம் சரியாக வந்தது, 'எம்' என்ன செய்யப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

பி.எஃப். கணக்கில் இருக்கிற பேரும் ஆதாரில் இருக்கிற பேரும் ஒன்றாக இருந்தால்தான் பணமும் பென்ஷனும் தடங்கலில்லாமல் நகரும். யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் நம்பரை 2017 அக்டோபருக்கு அப்புறம் வாங்கியவர்கள் தாங்களே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். என்னுடையது முதல் வரிசை, 2014. அதனால் கம்பெனி மூலமாகத்தான் போக வேண்டும். 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' என்று ஒன்று. நானும் முதலாளியும் சேர்ந்து, இந்த 'எம்' ஆளும் அந்த 'என்' ஆளும் ஒரே ஆள்தான் என்று சொல்ல வேண்டும். மார்ச்சில் கொடுத்தேன். டிஜிட்டல் கையெழுத்து வைத்திருந்த ஆபீசர் வேலையை விட்டுப் போய்விட்டார், புது ஆள் பேரில் பதிவாக இரண்டு மாசம். அப்புறம் நான் வைத்த டி.சி. நகல் தெளிவாக இல்லை என்று இன்னொரு மாசம். ஜூலைக் கடைசியில் முடிந்தது. ரிட்டையர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், முதலில் எழுந்து போய் அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள். பாக்கியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவில் சார்ஜ் ஒப்படைக்கிற வேலை. எனக்குப் பதிலாக வருகிற பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ, இருபத்தாறு வயசு. கம்ப்யூட்டரில் பதினோராயிரம் ஐட்டமும் இருக்கிறது, அவனுக்கு நான் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் அசெம்பிளியிலிருந்து ஓர் ஆள் வந்து, டேக் கழன்று விழுந்த பேரிங் ஒன்றைக் கொடுத்து, "இது மாதிரி நாலு" என்றார். பையன் ஸ்கேன் பண்ண எதுவும் இல்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் ஓரத்தில் எழுத்தைத் துடைத்துக் காட்டினேன். 6204. "கடைசி ரெண்டு நம்பர அஞ்சால பெருக்கு. நாலஞ்சு இருபது. உள்விட்டம் இருபது மில்லி. 6206ன்னா?" "முப்பதுங்ண்ணா." "பின்னாடி இசட் இசட்னு இருந்தா ரெண்டு பக்கமும் தகடு, ஆர்.எஸ்.னு இருந்தா ரப்பர்." அவன் உடனே ஒரு 6205ஐ எடுத்து வெர்னியரை உள்ளே விட்டுப் பார்த்தான். சரியாக 25. அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், இந்த எட்டு மாசமும் நன்றாகப் போகும் என்று தோன்றியது.

"எழுதி வச்சுருங்ண்ணா" என்றான். எழுத ஆரம்பித்தேன். எந்த ஃபவுண்டரி கேஸ்டிங் எண்ணும்போது எப்போதும் இரண்டு குறையும். மழைக்காலத்தில் எந்த ராக்கில் வைண்டிங் வயரை வைக்கக் கூடாது. ஏழாம் ராக் அடித்தட்டில் இருக்கிற மெக்கானிக்கல் சீல்கள், மூணு வருஷமாக நகராமல் 'நான்-மூவிங்' பட்டியலில் இருக்கின்றன. ஸ்கிராப்புக்குப் போடச் சொல்வார்கள், போடாதே, பொள்ளாச்சிப் பக்கம் பழைய மாடல் பம்ப் வைத்திருக்கிற விவசாயிகள் வைகாசியில் தேடி வருவார்கள். ராத்திரி ஷிப்டில் இஷ்யூ ஸ்லிப் இல்லாமல் யார் கேட்டால் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கவே கூடாது. (இந்தப் பக்கத்தை மட்டும் பின் குத்தி மூடியிருக்கிறேன்.) நாற்பது பக்கம் தாண்டிவிட்டது. எனக்கே ஆச்சரியம், இவ்வளவும் என் மண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பணக் கணக்கை எல்லாம் ஒரு நோட்டில் சுத்தமாக எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் மனைவிக்கு முழுக் கணக்கைச் சொன்னது அன்றைக்குத்தான். சம்பளக் கவர் வந்த காலத்தில் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பேன், பேங்கில் வர ஆரம்பித்ததும் ஏ.டி.எம்.மிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். மொத்தம் எவ்வளவு என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். 12,700 என்று முடித்து, ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"இதெல்லாம் நீங்க இருக்கற வரைக்கும் வர்றதுங்க. நீங்க போய்ட்டா எனக்கு எவ்வளவு வரும்? அதை எழுதலீங்களே?"

கோபம் இல்லை, அழுகை இல்லை. ரேஷனில் இந்த மாசம் பருப்பு வந்ததா என்று கேட்கிற குரல். நான் நோட்டைப் புரட்டினேன், ஏதோ அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிற மாதிரி. இல்லை.

"அப்புறம் என்ற தையல் மெஷின் வருமானத்தையும் காணோம்."

அதுவும் இல்லை. தீபாவளி மாசத்தில் பிளவுஸ் தைத்து அவள் எட்டாயிரம் வரைக்கும் பார்க்கிறாள். அந்த மெஷின் சத்தத்தில்தான் நான் தூங்குகிறேன், ஆனால் என் கணக்கில் அது இல்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மாமனார் மில் தொழிலாளி. அவர் இறந்தபோது, பாரத்தில் மாமியார் பேரை வீட்டில் கூப்பிடுகிற பேராக எழுதி வைத்திருந்தார். ரேஷன் கார்டில் வேறு பேர். இரண்டும் ஒருத்திதான் என்று நிரூபிக்க மாமியார் ஒரு வருஷம் நடந்தார். என் 'எம்', 'என்' புலம்பலை நான் மூன்று மாசம் சாப்பாட்டு நேரத்தில் புலம்பியபோது அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது இப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பார்த்தேன். பென்ஷன் வாங்குகிறவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி. 2,250. வட்டி 8,200 அப்படியே வரும், கணக்கை இருவர் பேரிலும் சேர்த்துத் தொடங்கினால். 10,450. அவளுக்கு 52 வயசு. அவளுடைய அம்மாவுக்கு 81, இன்னும் கிணற்றடியில் துணி துவைக்கிறார். அப்படியென்றால் நான் போட்ட திட்டத்தில் நான் இருக்கிற பகுதி சின்னது, நான் இல்லாத பகுதிதான் பெரியது. அதைத்தான் ஒரு வரி கூட எழுதாமல் விட்டிருக்கிறேன். விலைவாசியை நினைத்து, மீதியில் இருந்து இன்னும் ஒரு லட்சத்தைத் தொடாமல் வைப்பது என்றும், மொட்டை மாடியைச் சரிபண்ணும்போதே மேலே ஒரு ரூம் இழுத்து வாடகைக்கு விட முடியுமா என்று கொத்தனாரிடம் கேட்பது என்றும் முடிவு செய்தோம். ஓசூரில் இருக்கிற மகன், "நான் பாத்துக்கறேன்பா" என்றான். அதையும் கணக்கில் எழுதவில்லை. வரும்போது வரட்டும்.

அப்புறம் வாரிசு நியமனத்தைப் பார்ப்போம் என்று பி.எஃப். தளத்தைத் திறந்தேன். இ-நாமினேஷன் போடாதவர் என்றது. அப்படியானால் பழைய காகிதம்தான். மறுநாள் பர்சனல் டிபார்ட்மென்டில் ஃபைலை எடுத்துத் தரச் சொன்னேன். 1996இல் கல்யாணத்துக்கு முன்னால் சேரும்போது எழுதிக் கொடுத்த பாரம், மஞ்சள் படிந்து. வாரிசு: தாயார். அம்மா போய்ப் பதினோரு வருஷம். கல்யாணமானதும் அந்த நாமினேஷன் செல்லாது என்பது விதி. ஆக, இருபத்தெட்டு வருஷமாக என் கணக்குக்கு வாரிசு என்று யாருமே எழுதப்படவில்லை. ஒரு கேஸ்கெட் வெளியே போனால் அன்றைக்கே பின் கார்டில், அதாவது இருப்பு அட்டையில், எழுதாவிட்டால் பையனைத் திட்டுகிற ஆள் நான். ஃபைலை மூடி பர்சனல் டிபார்ட்மென்ட் அம்மாவிடம் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இ-நாமினேஷன் பத்து நிமிஷ வேலை. அவள் போட்டோ, ஆதார், வங்கிக் கணக்கு. அவள் பேரை மூன்று தடவை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தேன். அவளும் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்தாள்.

கம்பெனிக்கு எழுதின மாதிரியே இப்போது வீட்டுக்கும் ஒரு நோட் போட்டிருக்கிறேன். ஈ.பி. சர்வீஸ் நம்பர், சொத்து வரி ரசீது எந்த டப்பாவில், எந்த எல்.ஐ.சி. எப்போது முடிகிறது, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தது, யாரிடம் இனிமேல் கேட்டுப் பிரயோஜனமில்லை. எழுதுவதோடு சரி என்று நினைத்தேன். அவள் விடவில்லை. "எழுதிக் கொடுத்துட்டாப் போதுமா? அந்தப் பையனுக்குக் கையில கொடுத்துத்தானே பழக்குனீங்க" என்றாள். உண்மைதான். அதனால் ஈ.பி. பில் இந்தத் தடவை அவள் போனில் அவளே கட்டினாள். ஓ.டி.பி. வந்ததும் சத்தமாகப் படித்தாள், மெதுவாகப் படி என்றேன், "ஏன், சன்னல் வழியா யாராச்சும் கேக்கறாங்களா?" என்றாள். தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு தொடங்க அவளையே உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே புளியமரத்தடியில் நின்றேன். முக்கால் மணி நேரம். இரண்டு தடவை உள்ளே போகக் கால் எழுந்தது. பாஸ்புக்கோடு வெளியே வந்து, "உள்ள ஒரு பாட்டிக்குச் சலான் எழுதிக் கொடுத்தேன், அதான் நேரமாயிருச்சு" என்றாள்.

ரிட்டையர்மென்ட்டுக்கு அப்புறம் என்ன செய்யப் போகிறேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறைக்காரர், அரை நாள் வந்து ஸ்டாக் பார்த்துக் கொடுங்கள், பத்தாயிரம் தருகிறேன் என்கிறார். நான் ஆரம்பித்த அதே தெரு. போவேன் என்றுதான் நினைக்கிறேன். ஜூன் மாசம் முழுக்க மட்டும் எங்கேயும் போவதில்லை. அவளுக்கு ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் தர வேண்டுமாம், பெல்ட் வேறு தேய்ந்திருக்கிறது.

பென்ஷனுக்கான 10-டி பாரம் இன்னும் போடவில்லை. ஆனால் எங்கள் ஆபீஸில் காகிதத்திலும் ஒரு செட் கேட்கிறார்கள், அதற்குக் கணவன் மனைவி சேர்ந்த போட்டோ வேண்டும். போன சனிக்கிழமை கணபதியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். இருவரும் சேர்ந்து ஸ்டுடியோவில் எடுத்த கடைசிப் படம் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் எடுத்தது. அதில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவள் பக்கத்தில் நிற்பாள். இந்தத் தடவை ஸ்டூல் இரண்டு போட்டான் பையன். "கொஞ்சம் ஒட்டி உக்காருங்க சார், இடைவெளி தெரியுது" என்றான். ஒட்டி உட்கார்ந்தோம். எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுத்துவிட்டான், கன்னத்தை வெளுப்பாக்கினான். அப்புறம் மௌஸை என் தலைப்பக்கம் கொண்டு போய், "சாருக்கு முடிய லைட்டா கறுப்பு பண்ணிரட்டுங்களா? பத்து வயசு குறைஞ்சிரும்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து ஸ்க்ரீனைத் தொட்டுக் காட்டினாள்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. ஆதார்ல நரைச்சுத்தான் இருக்குது. மாத்தி வச்சா அப்புறம் அதுக்கொரு லெட்டர் கேப்பாங்க."